ஆளுக்கொரு பண்டம்

கோடை விடுமுறை விட்டதும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சனிக்கிழமை இரவு 'ஃபுட் ஸ்டால்' போடுவார்கள். சென்னைப் புழுக்கத்தில் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள், இருட்டியதும் கார் நிறுத்தும் இடத்தில் கூடிவிடும். வாசலில் மேசை போட்டு டோக்கன் விற்பார்கள். இந்த வருஷம் அங்கே ஒருவர் டெல்லி அப்பளம் போட்டிருந்தார். அகல வாணலியில் அப்பளம் பொங்கி எழுந்தது. அவர் எண்ணெயை வடித்து, மேலே மிளகாய்த்தூளைத் தூவினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மதுரை தமுக்கம் மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது.

என் மகளும் அவள் தோழிகள் நாலு பேரும் ஆளுக்கொரு அப்பளத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து பேர் கையிலும் ஒரே பண்டம். பாதி தின்றதும் திகட்டிவிட்டது. மிச்சம் குப்பைத் தொட்டிக்குப் போனது. பக்கத்து மேசையில் பணியாரம் சூடாக இருந்தது, அதற்கப்புறம் சுண்டல் இருந்தது. வயிற்றில் இடம் இல்லை, டோக்கனும் தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் இது நடந்திருக்காது. அப்பா விட்டிருக்க மாட்டார்.

அப்பா தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். கடை அடைத்து, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வைகைப் பாலத்தைக் கடந்து செல்லூருக்கு வந்து சேர மணி பத்தாகிவிடும். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அப்பா. சித்திரை மாதத்தில் மட்டும் அவர் வந்ததும் சாப்பாட்டுத் தட்டை எடுக்க மாட்டார்; வேட்டியை மாற்றிக்கொண்டு, "கிளம்புங்க" என்பார். அதற்காகவே மத்தியானம் எங்களை அம்மா மிரட்டித் தூங்க வைத்திருப்பாள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பாயில் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குவோம்.

மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்குப் பின்னால் காரணம் உண்டு. சித்திரையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். பகலில் தெருவில் நின்று எதையும் தின்ன முடியாது. கடை ஊழியர்கள் பத்து மணிக்கு வெளியே வருவார்கள். மில்லில் ஷிப்ட் முடிகிறவர்கள் நடுநிசியில் வருவார்கள். காய்கறி லாரிகள் அதற்கப்புறம் வரும். தென் மாவட்டங்களுக்குப் போகிற பஸ்கள் பலவும் மதுரையில் நின்றுதான் போகும். இத்தனை பேருக்கும் பசிக்கும் என்று தெரிந்தவர்கள் அடுப்பை அணைக்கவில்லை. இரவுக் கடை எங்கள் ஊரில் உல்லாசத்துக்காக வந்ததில்லை, உழைப்பாளிக்காக வந்தது. பிள்ளைகள் அதில் பங்கு கேட்டு உள்ளே நுழைந்தவர்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கும் சந்தைக்கும் இருக்கும் உறவு பழையது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தேர் ஓடுவது மாசி வீதிகளில், விழா நடப்பது சித்திரையில் என்பதற்கு அதுதான் விளக்கம். அறுவடை முடிந்து, களத்து வேலை ஓய்ந்து, குடியானவன் மடியில் நாலு காசு இருக்கிற மாதம் அது. சாமி கும்பிட வந்தவர்கள் மாடு வாங்கினார்கள், மண்வெட்டி வாங்கினார்கள், பிள்ளைகளுக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுத்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, வைகை மணலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்குவார்கள். ஆற்றுக்குள்ளேயே ஒரு ஊர் முளைத்துவிடும்.

அப்பாவின் சட்டத்துக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. திருவிழாக் கடைகள் நிறைந்த தல்லாகுளம் போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுப்பார். "ஒருத்தர் வாங்குனதை இன்னொருத்தர் வாங்கக் கூடாது. வாங்குனதை மூணா வச்சுத் திங்கணும்" என்பார். அவ்வளவுதான் சட்டம். அவர் சம்பளத்துக்கு அது சிக்கனம் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது அது ஒரு விளையாட்டாக இருந்தது. வாங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் கடைகளை ஒரு சுற்று சுற்றி வருவோம். நான் மிளகாய் பஜ்ஜி எடுத்துக்கொண்டால் அண்ணன் மாங்காய்ப் பத்தை. தங்கைக்குக் காரம் ஆகாது, அவளுக்கு இனிப்பு. "நீ பஜ்ஜி வாங்கு, நான் சுண்டல் வாங்குறேன், ஆனா பஜ்ஜியில பெரிய துண்டு எனக்கு" என்று பேரம் நடக்கும். ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு மூன்று ரூபாய்க்குத் தின்ற திருப்தியோடு வீடு திரும்புவோம்.

அந்தக் கடை வரிசையில் இல்லாதது கிடையாது. பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். அதன் வெளிச்சத்தில் நுங்கு, நீள வாக்கில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் திணித்த வெள்ளரிப் பிஞ்சு, தட்டுவண்டியில் குவித்த அவித்த கடலை. ஒரு மூலையில் கோலி சோடாக் கட்டையைக் கட்டைவிரலால் அமுக்கும் சத்தம். இன்னொரு மூலையில் கொத்துப் பரோட்டாக் கல்லில் இரண்டு இரும்புத் தகடுகள் விழும் சத்தம். மாஸ்டர் தாளம் பிடித்துத்தான் கொத்துவார். முட்டை உடைத்து ஊற்றும்போது தாளம் மாறும், சால்னா விடும்போது இன்னொரு தரம் மாறும். கண்ணை மூடிக்கொண்டு எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்லலாம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்துப் பழையதைக் கொத்தி, அம்மாவிடம் அடி வாங்கினான்.

ஜவ்வு மிட்டாய்க்காரர் ஒருவர் வருவார். உயரமான கம்பு, அதன் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை. அவர் கயிற்றை இழுத்தால் பொம்மை கை தட்டும், ஜிங் ஜிங் என்று சத்தம் கேட்கும். பொம்மைக்குக் கீழே கம்பைச் சுற்றி ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய் ஒட்டியிருக்கும். கேட்டதும் ஒரு திரியை இழுப்பார். விரல் நுனியில் அது நூலாக நீளும், முறுக்குவார், மடிப்பார், ஒரு நிமிஷத்துக்குள் கைக்கடிகாரம் ஆகிவிடும். வட்டம், வட்டத்துக்குள் இரண்டு முள், இரு பக்கமும் பட்டை. அதைக் கையில் கட்டிவிட்டு, மிச்சம் இருந்த துணுக்கைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். அது இலவசம்.

ஒரு வருஷம் அண்ணன் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான். சட்டப்படி மூன்றாக வைக்க வேண்டும். பட்டையின் ஒரு பக்கம் எனக்கு, மறுபக்கம் தங்கைக்கு, நடு வட்டம் அவனுக்கு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். எங்கள் பங்கை நாங்கள் அவன் மணிக்கட்டிலிருந்தே கடித்துத் தின்றோம். வட்டத்தை மட்டும் அவன் விடமாட்டேன் என்றான். அழகர் எத்தனை மணிக்கு ஆற்றில் இறங்குகிறார் என்று பார்க்க வேண்டுமாம். விடியும் வரை கையை உயர்த்திப் பிடித்தபடியே கூட்டத்தில் வந்தான். தங்கக் குதிரை தெரிந்தபோது ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. இவனால் கும்பிட்ட கையைப் பிரிக்க முடியவில்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அப்பத்தா எங்களோடு வருகிற வருஷங்களில் சந்தைக்கு வேறொரு முகம் வந்துவிடும். அவள் கையில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, வாயை வாழை இலையால் மூடி, அதன்மேல் சூடம். அழகர் மலையிலிருந்து இறங்கி, வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்று, சுமார் 20 கிலோமீட்டர் வந்து சேர்வார். மூன்றுமாவடியில் ஊர் அவரை எதிர்கொண்டு அழைக்கும். அந்த எதிர்சேவையில் அப்பத்தா சூடத்தை ஏற்றிச் செம்பை உயர்த்திக் காட்டுவாள். சூடம் அணைந்ததும் இலையைப் பிரித்து, சுற்றி நிற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு விரல் சர்க்கரை. முன்பின் தெரியாத கைகள் நீளும். எங்களுக்குக் கடைசியில்தான் கிடைக்கும். "வீட்டுப் பிள்ளைக்கு எப்ப வேணாலும் குடுக்கலாம்" என்பாள்.

அவள் தெருவில் எதையும் வாங்கித் தின்ன மாட்டாள். "கண்ட எண்ணெய்" என்று முகத்தைச் சுளிப்பாள். தூக்குவாளியில் புளியோதரை கட்டி எடுத்து வருவாள். ஒரு தடவை பஜ்ஜிக் கடையில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏத்தா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "எங்கிட்டுச் சாப்பிட, இனி விடிஞ்சுதான்" என்றாள் அந்தப் பெண். அப்பத்தா ஒரு பொட்டலம் புளியோதரையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பெண் நாலு பஜ்ஜியைப் பேப்பரில் சுற்றி எங்களிடம் நீட்டினாள். காசுப் பேச்சே வரவில்லை. பெரியவர்கள் பார்வையை மாற்றிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சந்தையில் காசு இல்லாமலும் கணக்கு நேராகும் என்று நான் கண்ட முதல் தடவை அது.

சொல்லப்போனால் அந்த இரவுகளில் பாதிப் பண்டம் விலைக்கே கிடையாது. தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். மண்பானையில் நீர்மோர், அண்டாவில் பானகம், தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். "வாங்க வாங்க, குடிச்சுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். நாங்கள் எங்கள் ரூபாயை மிச்சம் பிடிக்க, முதலில் பந்தல்களில் வயிற்றை நிரப்பப் பார்ப்போம். அப்பா சிரித்துக்கொண்டே, "பானகத்துல வயித்தை ரொப்பிட்டு ரூபாயை உண்டியல்ல போடப் போறீங்களா?" என்பார்.

திருவிழா முடிந்தாலும் தமுக்கத்தில் பொருட்காட்சி நடக்கும். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையாக இருந்து, 1959-இல் காந்தி அருங்காட்சியகமான கட்டடத்துக்குப் பக்கத்து மைதானம் அது. ராட்டினம், மரணக் கிணறு, துறைக்கொரு அரங்கு. எல்லாவற்றையும் தாண்டிப் பிள்ளைகள் கால் தானாகப் போவது அப்பளக் கடைக்கு. ஓயாமல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்: இன்ன நிறச் சட்டை போட்ட சிறுவன் இன்ன இடத்தில் இருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துப் போகவும்.

ஒரு நாள் அந்த அறிவிப்பில் எங்கள் தங்கையின் ஊதாக் கவுன் வந்தது. கூட்டத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பு என்று நினைத்து வேறு யாருடைய தலைப்பையோ பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவள் பருத்திப்பால் வண்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர், மேலுதட்டில் மீசை, அழுத அடையாளம் துளிகூட இல்லை. வண்டிக்காரர் மனைவி முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அம்மா அழுதாள். அப்பா சட்டைப் பையில் கைவிட்டார். "எவ்வளவுண்ணே?" வண்டிக்காரர் கரண்டியை ஓங்காத குறை. "தொலைஞ்ச பிள்ளைக்கு ஊத்துனதுக்குக் காசு வாங்கச் சொல்றீகளா? போங்க சார்." தங்கை எழுந்திருக்க மறுத்தாள். இரண்டாவது டம்ளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

அதன்பிறகு எந்தக் கோடை இரவில் போனாலும் அந்த வண்டியில் நின்று குடிக்காமல் வந்ததில்லை. வண்டிக்கார அக்காதான் எங்களுக்குப் பருத்திப்பால் எப்படி ஆகிறது என்று சொன்னவர். பருத்தி விதையை முதல் நாள் ராத்திரி ஊறப்போட வேண்டும். மறுநாள் ஆட்டுக்கல்லில் ஆட்டி, துணியில் வடிகட்டி, சக்கையை மறுபடி ஆட்டி, மறுபடி பிழிய வேண்டும். அந்தப் பாலைக் காய்ச்சும்போது பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்டினால்தான் கெட்டிப்படும். பிறகு கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், மேலே தேங்காய்ப் பூ. மாட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டையில் இவ்வளவு ருசியா என்று அண்ணன் வாய்விட்டுக் கேட்டான். "மாட்டுக்கு ருசி தெரியாதுன்னு யாருய்யா சொன்னா?" என்றார் அந்த அக்கா.

நள்ளிரவைத் தாண்டினால் சந்தையின் சத்தம் இறங்கும். தல்லாகுளத்தில் தெருமுனையில் ஒரு இட்லிக்கார அம்மா இருப்பார். கொப்பரையை ஏற்றிவிட்டு, இட்லி வேகிற நேரத்துக்கு மட்டும் முக்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவார். தலை சாயாது, கண் மட்டும் மூடியிருக்கும். ஆவி வாசனை மாறியதும் தானாக விழிப்பார். அப்பா அவரை எழுப்ப மாட்டார், எங்களையும் பேச விட மாட்டார். கல்லூரியில் மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியைப் படித்தபோது அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். பகல் கடை, இரவுக் கடை என்று மதுரையின் நாளையே யாமம் யாமமாகச் சொல்லிக்கொண்டு போகிற பாட்டு அது. இரவு ஏறிய பிறகு மெல்லிய அடை விற்பவரும், பாகு சேர்த்த மோதகம் விற்பவரும், தம் பண்டத்தோடு இருந்த இடத்திலேயே உறங்குவதை அதில் சொல்லியிருக்கிறார். வகுப்பில் ஆசிரியர் அருஞ்சொற்பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ அது அடுத்த தெரு.

பிறகு கல்யாணம், சென்னை, வேலை. சித்திரைக்கு ஊர் போவது குறைந்தது. 2020-இல் கொரோனா வந்து அழகர் மலையை விட்டே இறங்கவில்லை. அடுத்த வருஷமும் விழா கோயிலுக்குள்ளேயே முடிந்தது. அந்த இரண்டு சித்திரையில்தான் 'எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம்' என்று நினைத்திருந்த ஒன்று இல்லாமலும் போகலாம் என்பது புரிந்தது. அடுக்குமாடிச் சனிக்கிழமைக்குப் பிறகு மகளையும், பெங்களூரிலிருந்து அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். திருவிழாக் கூட்டம் வடிந்திருந்தது. கோடை வடியவில்லை, கடைகளும் வடியவில்லை.

விளக்குத்தூணில் இறங்கினோம். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்குக் கம்பம் அது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் பிள்ளைகளுக்கு நினைவு வருவது ஜிகர்தண்டா. ஆளுக்கு ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். இரண்டு பேரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "அத்தை, எல்லாக் கடையிலயும் க்யூஆர் இருக்கு, ஃபோனைக் குடுங்க போதும்" என்றான் அண்ணன் மகன். உண்மைதான். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னப் பெட்டி, வந்த பணத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஃபோன் கிடையாது, தாள்தான் என்றேன். அப்பாவின் சட்டத்தையும் சொன்னேன். இரண்டே பேர் என்பதால் என்னையும் சேர்த்து மூன்று. "எனக்கும் ஜிகர்தண்டாதானே வேணும்?" என்று மகள் சிணுங்கினாள். பேரம் தொடங்கியது.

கடைசியில் ஜிகர்தண்டா அவனுக்குப் போனது. கடைக்காரர் பெரிய கண்ணாடி டம்ளரில் ஊறவைத்த கடல்பாசியை வழுக்க வழுக்கப் போட்டு, நன்னாரி சர்பத்தை ஊற்றி, சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பாலை விட்டு, மேலே பாசந்தியும் ஒரு கரண்டி ஐஸ்கிரீமும் வைத்தார். மூன்று ஸ்பூன் கேட்டோம். அவர் எதுவும் கேட்காமல் பாலைக் கொஞ்சம் கூட ஊற்றினார். மகள் தன் நூறு ரூபாயோடு எதிர்ப்பக்கம் போனாள். அங்கே ஒரு பாட்டி முள்முருங்கை அடை சுட்டுக்கொண்டிருந்தார். இலையை அரிசியோடு அரைத்து, பச்சைப் பசேலென்று பூரி அளவில் தட்டி, எண்ணெயில் போட்டுப் பொடி தூவித் தருகிற பண்டம். என் மகள் கீரையை வீட்டில் தொட மாட்டாள். எண்ணெய்ச் சட்டியில் அது உப்பி மிதப்பதைப் பார்த்துவிட்டு, கீரை என்று தெரியாமலே வாங்கிவிட்டாள். ஓடி வந்தாள். "அம்மா, நூறு ரூபா குடுத்தேன், அவங்க எனக்கு நிறைய ரூபா திருப்பிக் குடுத்துட்டாங்க!" கை நிறையச் சில்லறை. மிச்சக் காசு என்ற ஒன்றை அவள் வாங்கிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சில்லறையை மூன்று தடவை எண்ணினாள்.

மாறியவையும் நிறைய. பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி வந்துவிட்டது. கண் கூசுகிறது, பூச்சி குறைந்திருக்கிறது. மீனாட்சி கோயில் எதிரே இருந்த புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. 2019 தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் தடை என்றாலும், சூடான சால்னாவைப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கும் கடைகளை அன்றைக்கும் பார்த்தேன். பஞ்சு மிட்டாய் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்த கதையைச் சொன்னேன். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்தது ஆய்வில் தெரிந்ததால் வந்த தடை. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது அன்றைக்கே தெரியும். நிறம் தூக்கலான மிட்டாயைக் கண்டால் கைக்குட்டையை நனைத்து ஒற்றிப் பார்ப்பார். "சாயம் வேட்டியில ஏறலாம், நாக்குல ஏறக் கூடாது" என்பார்.

இன்னொரு இடத்தில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாயிலும் மூக்கிலும் புகை விடுகிற ஆசை அண்ணன் மகனுக்கு வந்தது. எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். திரவ நைட்ரஜனில் போட்டெடுப்பது அது. முழுக்க ஆவியாகாமல் உள்ளே போனால் வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும். 2024-இல் உணவுப் பாதுகாப்புத் துறையே அதைப் பற்றி எச்சரித்தது. அன்றைக்கு அங்கே அது இல்லை. இருந்திருந்தாலும் வாங்கித் தந்திருக்க மாட்டேன். பதிலுக்குக் கொத்துப் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நின்றான், நின்றான், பத்து நிமிஷம் நின்றான். மாஸ்டர் அவனைப் பார்த்துவிட்டுத் தாளத்தை ஒரு சுற்று கூட்டினார். "எங்கப்பா வீட்ல ரெண்டு கரண்டியை வச்சு இப்படித்தான் அடிப்பாரு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாலும் என் அண்ணன் அந்தத் தாளத்தை விடவில்லை.

தெருவில் எது நல்லது எது கெட்டது என்று பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. அடுப்பு எரிகிற கடையில் நிற்பது, கண் முன்னால் கொதிப்பதையும் பொரிவதையும் மட்டும் தின்பது, நேற்றைய எண்ணெயின் கறுப்பைக் கண்டால் நகர்ந்துவிடுவது, வெட்டி வைத்த பழத்தில் ஈ மொய்த்தால் தாண்டிப் போவது: இவை எல்லாம் அப்பா நடந்துகொண்டே சொன்னவை. விற்கிறவரை அண்ணே, அக்கா, பாட்டி என்று கூப்பிடுவதும் அப்படித்தான் வந்தது. அன்றைக்கு என் மகள், "பாட்டி, இன்னொண்ணு தாங்க" என்று கேட்டபோது அந்தப் பாட்டி, "இந்தா கண்ணு, பொடி கொஞ்சமாப் போட்டிருக்கேன்" என்றார். டோக்கன் மேசையில் அவளுக்கு யாரும் பொடியைக் குறைத்துப் போட்டதில்லை.

அப்பாவின் சட்டத்தை அன்று சிக்கனத்துக்கான தந்திரம் என்று நினைத்தோம். இப்போது எங்களிடம் ஆளுக்கு மூன்று வாங்கிக் கொடுக்கும் அளவுக்குக் காசு இருக்கிறது. இருந்தும் அந்தச் சட்டம் வேண்டும் என்றே சொல்வேன். ஆளுக்கு ஒரே பண்டத்தை வாங்கிக் கொடுத்தால் பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆளுக்கு வேறு வேறு என்றால் பேச வேண்டும், கேட்க வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும், தனக்குப் பிடிக்காது என்று நினைத்ததை ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். முள்முருங்கை அடை சென்னைக்கு வந்த பிறகும் பேச்சில் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கோடை இரவு இருக்கும். கோயில் திருவிழா, பொருட்காட்சி, கடற்கரை, நோன்புக் காலத்துக் கடைத்தெரு, ஏதோ ஒன்று. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, வெயில் இறங்கியதும் கூட்டிப் போங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மணிக்கட்டில் உங்கள் ஃபோன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஒரு தாளைக் கையில் கொடுங்கள். அவர்களே கேட்டு, அவர்களே வாங்கி, அவர்களே மிச்சத்தை எண்ணட்டும். ஒருத்தர் வாங்கியதை இன்னொருத்தர் வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.